எண்ணெய் விட்டு ஒட்டிய பசை

பஞ்சர் ஒட்டுபவர் எடுத்த எடுப்பில் பசையைத் தொடமாட்டார். டியூபைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அதன் பிறகுதான் சொல்யூஷன். ஈரமோ எண்ணெயோ இருந்தால் ஒட்டு நிற்காது. அறுவை அரங்கில் தலைவலியே இதுதான். கல்லீரல் கிழிந்து ரத்தம் பொங்கும்போது எதைத் துடைப்பது? துடைக்கத் துடைக்க ஊறும். ரத்தம் உறைவதை நம்பியிருக்கும் பசைகள் உண்டு. உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஏற்றிய நோயாளிக்கு ரத்தமே லேசில் உறையாதே!

அமெரிக்காவில், எம்ஐடியின் ஷுவான்ஹே ஜாவோ குழு 2019-இல் ஒரு பசைநாடா செய்திருந்தது. ஈரமான திசுவில் வைத்தால் மேலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டு சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரத்தம் வெறும் நீரில்லை. அணுக்களும் புரதமும் கலந்த குழம்பு. அது நடுவே புகுந்தால் பிடிப்பு கெட்டுவிடும்.

அப்போது கண்ணில் பட்டது கொட்டலசு. பாறையிலும் படகின் அடியிலும் குட்டி எரிமலைகள் போல வெள்ளையாக அப்பிக் கிடக்குமே, அதுதான். பார்க்கச் சிப்பி மாதிரி இருக்கும்; உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. உப்புநீரும் பாசியும் படிந்த பாறைதான் அதற்கு வாய்த்தது. முதலில் எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு கசிவை விட்டு நீரையும் அழுக்கையும் விலக்குகிறது. விலகிய இடத்தில் புரதப் பசை இறங்குகிறது. பசைக்குப் பகையென்று நாம் நினைக்கும் எண்ணெய்தான் அங்கே துடைக்கும் துணி!

அந்தக் குழுவின் ஹியான்வூ யுக்கும் கூட்டாளிகளும் அதையே செய்தார்கள். பழைய நாடாப் பொருளை உறையவைத்து, அரைத்து, நுண்துகளாக்கி, சிலிகோன் எண்ணெயில் குழைத்தார்கள். கிடைத்தது ஒரு களிம்பு. காயத்தில் அப்பி லேசாக அழுத்தினால் எண்ணெய் ரத்தத்தை ஒதுக்கித் தள்ளும். துகள்கள் திசுவின் புரதத்தோடும் தமக்குள்ளும் பிணைந்துகொள்ளும். 15 முதல் 30 நொடியில் கசிவு நிற்கும். உறைதலின் தயவே வேண்டாம். மேயோ கிளினிக் மருத்துவர்களோடு சேர்ந்து, ஹெப்பாரின் கொடுத்த பன்றிகளின் கல்லீரலிலேயே சோதித்தார்கள், நின்றது. 2021-இல் ஆய்வு வெளியானது.

பிறகு வேண்டாமென்றால் அதற்கென்றுள்ள கரைசலை விட்டுப் பசையைக் கரைத்துவிடலாம். கப்பலடிக் கொட்டலசை இன்றும் சுரண்டித்தான் எடுக்கிறார்கள்.