குரங்குத் தீவு வைகை அணைக்கு வந்த வழி

காட்டுக்குள் வெட்டுண்ட அடிமரம் ஒன்று. உள்ளே ஏதோ குகைப்பாதை தெரிகிறது என்கிறான் கதாநாயகன். இறங்கப் பார்த்தால், 22ஆம் எண் பிளாப்பியைப் போடு என்கிறது கணினி. அப்புறம் 36, அதற்கப்புறம் 114. பெட்டியில் வந்த பிளாப்பிகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். சும்மா நக்கல்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்கள் மீதி பிளாப்பி எங்கே என்று உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் குடைந்ததில், பின்னால் வந்த சிடி பதிப்பில் அந்த அடிமரத்து நக்கலையே எடுத்துவிட்டார்கள்.

அந்த ஆட்டம் 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. 1990 அக்டோபரில் வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' எடுத்த ஜார்ஜ் லூகாஸின் நிறுவனம் வைத்திருந்த விளையாட்டுப் பிரிவின் சரக்கு. எழுதியவர்கள் ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன். கடற்கொள்ளைக்காரன் ஆகியே தீருவேன் என்று கிளம்பும் கைபிரஷ் த்ரீப்வுட் என்ற சோப்ளாங்கிதான் நாயகன். இதில் வாள்சண்டையை ஜெயிப்பது வாய். எதிராளி ஒரு வசவை வீசுவான். அதற்குப் பொருத்தமான பதிலடி தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தோற்று, தோற்றதில் புது வசவைக் கற்றுக்கொண்டு, அடுத்தவனிடம் அதைப் பிரயோகிக்கலாம். கவுண்டமணியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்தைத் தமிழ் பேச வைத்தால் வசனம் எழுத மதுரைப் பக்கம் ஆள் பஞ்சமே வராது.

மங்கி ஐலண்ட் பிறந்தபோது வைகை அணைக்கு வயது 31. அந்த அணை இருக்கும் தேனி மாவட்டம் என்று ஒன்றே அப்போது கிடையாது. அது 1996இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அமெரிக்காவில் கணினி வாங்கியவர்களுக்காகச் செய்த ஓர் ஆட்டம் எப்படி இவ்வளவு தூரம் வந்தது? விடை அதன் வயிற்றில் இருக்கிறது.

1987இல் 'மேனியாக் மேன்ஷன்' என்ற ஆட்டத்துக்காக கில்பர்ட் 'ஸ்கம்' என்றொரு ஏற்பாட்டை உருவாக்கியிருந்தார். கதை, வசனம், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்கிற விதிகள் எல்லாம் ஒரு பக்கம். அவற்றைப் படித்து ஓட்டிக்காட்டும் நிரல் இன்னொரு பக்கம். எந்திரம் மாறினால் அந்த நிரலைப் புதிதாக எழுதினால் போதும், கதையைத் தொட வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேற்கே அரபிக்கடலில் போய் விழ வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை, பொறியாளர் பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைந்து 1895இல் கிழக்கே திருப்பவில்லையா? தண்ணீர் அதேதான், வழி மட்டும் புதிது.

இப்படித்தான் 1993இல் சேகா சிடி என்ற டிவி விளையாட்டுக் கருவிக்கும் மங்கி ஐலண்ட் போனது. மவுஸ் இல்லை, கைப்பிடிப் பொத்தானால் அம்புக்குறியை நகர்த்த வேண்டும். கணினியில் 256 நிறம் காட்டிய படங்களை அந்தக் கருவியின் 64 நிறத்துக்குள் அடக்கினார்கள். சிடி சுற்றும் வேகமும் குறைவு. இடம் மாறும்போதெல்லாம் காத்திருக்க வேண்டும். அந்தக் கருவியை நம் பக்கம் யார் கண்டார்கள்? இங்கே மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடியது கேசட் போடும் டிவி கேம், அதில் மாரியோவும் கான்ட்ராவும்.

கள்ளப் பிரதியைத் தடுக்க, முதல் பதிப்போடு ஓர் அட்டைச் சக்கரம் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். திருகித் திருகிக் கொள்ளைக்காரன் முகத்தின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பொருத்தினால் ஓர் ஆண்டு தெரியும். அதைத் தட்டினால்தான் ஆட்டம் திறக்கும். கொள்ளைக்காரர்களைப் பற்றிய கதைக்குப் போட்ட பூட்டிலும் கொள்ளைக்காரன் முகம்!

பழைய கணினிகள் மூலைக்குப் போனபின், புது எந்திரங்களுக்காகக் கதையை ஓட்டிக்காட்டும் நிரலை வெளியாட்கள் எழுதினார்கள். 2001இல் தொடங்கிய அந்த முயற்சியின் பெயர் ஸ்கம்விஎம். தொடங்கிய இருவரில் ஒருவர் ஸ்வீடன்காரர் லுட்விக் ஸ்ட்ரிகியுஸ். இவர்தான் 2005இல் கோப்புகளைத் தரவிறக்கும் யூடோரண்ட்டை எழுதியவர். தமிழ்நாட்டுக் கணினிகளில் அது எதற்குப் பயன்பட்டது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிற்பாடு ஸ்பாட்டிஃபை உருவானதிலும் அவர் கை உண்டு.

உரிமையாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2009இல் படங்களைப் புதிதாக வரைந்து, குரல் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அதே காட்சி பழைய கட்டம்கட்டமான படமாக மாறும். எனக்குப் பழசுதான் பிடிக்கிறது. புதுசில் நாயகனின் தலைமுடியைச் சகிக்கவில்லை. டிஸ்னிலாந்தின் கடற்கொள்ளையர் சவாரியைப் பார்த்து உந்தப்பட்டுத்தான் கில்பர்ட் இந்த ஆட்டத்தையே யோசித்தார். 2012இல் டிஸ்னியே லூகாஸ் நிறுவனத்தை வாங்கிவிட்டது. 2022இல் கில்பர்ட்டும் கிராஸ்மனும் எழுதிய புதிய பாகத்துக்கு உரிமம் தந்ததும் அதே டிஸ்னிதான்.

போன கோடையில் வைகை அணைப் பூங்காவில் என் அக்கா மகன் கையில் இந்த ஆட்டத்தைப் பார்த்தேன். ஆன்லைனில் தருவித்த, உள்ளங்கை அளவு ரெட்ரோ கேம் கருவி. எஸ்டி கார்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள். காசு கொடுத்து வாங்கிய பிரதிதானா என்று நான் கேட்கவில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு பெரும்பாலும் நின்றுவிடுகிற, கடலைப் பார்ப்பதே அபூர்வமான ஓர் ஆற்றின் கரையில் உட்கார்ந்து பையன் கரீபியன் கடலில் திணறிக்கொண்டிருந்தான்.

கைபிரஷைக் கனமான சிலையோடு கயிற்றால் கட்டிக் கடலுக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். அவனுக்கு மூச்சுப் பிடிக்கும் திறமை பத்து நிமிடம். அதைத் தாண்டினால் சாவு. சுற்றிலும் கயிற்றை அறுக்கத் தோதான கூர்மையான சாமான்கள் கிடக்கின்றன. எதுவும் கைக்கு எட்டாது. பையன் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து அலுத்துப்போனான்.

"நேரம் ஓடுதுடா மாப்ள," என்றேன்.

"இருங்க மாமா." திரையை முறைத்தான். சட்டென்று சிரித்தான். "கயித்த எதுக்கு அறுக்கணும்? சிலையத் தூக்கிட்டே நடந்து வந்துர வேண்டியதுதானே!"