கிரணங்களை நெறிப்படுத்திய கண்ணாடி

கடற்கரைக் கோபுரங்களில் தீபமேற்றி மரக்கலங்களுக்கு வழிகாட்டும் வழக்கம் மிகப் புராதனமானது. எனினும் அத்தீபங்களின் பிரகாசத்தில் பெரும்பகுதி ஆகாயத்திற்கும் அடித்தரைக்குமே போய்ச் சேர்ந்து, மாலுமியின் கண்ணை எட்டியது சொற்பத்திலும் சொற்பமாகவே இருந்து வந்தது. எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிந்துவது தீச்சுடரின் சுபாவமாதலால், சுடரைப் பெருக்குவதே பரிகாரமென்று எண்ணிய முன்னோர் விறகையும் நிலக்கரியையும் எண்ணெயையும் ஏராளமாக எரித்தனர். 1780-களில் ஜினீவாவைச் சேர்ந்த ஆர்கான், குழாய் வடிவான திரியின் நடுவே காற்றைப் புகவிட்டுப் புகை குறைந்த வெண்சுடரை உண்டாக்கினார். அதன் பின்னே வெள்ளி முலாம் பூசிய செப்புக் குழியாடியை வைத்து ஒளியைக் கடற்புறம் திருப்பினார்கள். ஆனால் அவ்வாடியோ தன்மேல் விழுந்த ஒளியில் ஏறக்குறையப் பாதியைத் தானே விழுங்கிவிட்டது.

இந்த விரயத்தைக் கண்டு மனம் பொறாதவர் பிரான்சு தேசத்து இஞ்ஜினீயர் அகஸ்டின் பிரெனெல். 1788-ல் பிறந்து, சாலை போடும் உத்தியோகத்தில் காலத்தைக் கழித்துக்கொண்டே, ஒளி அலை வடிவானது என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டி, 1819-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசையும் பெற்ற அந்த மேதையை, அதே ஆண்டில் அவருடைய நண்பரான அராகோ கலங்கரை விளக்கக் கமிஷனுக்கு அழைத்துக்கொண்டார். ஆடிக்குப் பதிலாக வில்லையைப் பயன்படுத்தலாம். ஆனால் அவ்வளவு பெரிய வில்லையை ஒரே கட்டியாக வார்த்தால் கனமும் தடிப்பும் மிகுந்து, கண்ணாடியே ஒளியைக் குடித்துவிடும். ஒளியைத் திருப்புவது வில்லையின் மேற்பரப்பின் சாய்வேயன்றி அதன் வயிற்றிலுள்ள கண்ணாடித் திரளன்று. ஆகவே அத்திரளை நீக்கி, சாய்ந்த பரப்புகளை மட்டும் படிப்படியாக வளையங்களாய் அடுக்கினால் போதுமென்று அவர் கண்டார். இதையொத்த யோசனையை, சூரிய வெப்பத்தைக் குவிப்பதற்காக, பூஃபோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் முன்னரே வெளியிட்டிருந்தார் என்பது பிரெனெலுக்குப் பிறகே தெரிய வந்தது. அதனால் அவர் பெருமை குறையவில்லை என்பதே என் துணிபு. ஏனெனில் தனித்தனிப் பட்டகங்களை ஒட்டி, ஒவ்வொன்றின் சாய்வையும் அதனதன் இடத்திற்கேற்பக் கணக்கிட்டு, எல்லாக் கிரணங்களும் ஒரே திசையில் செல்லுமாறு செய்தது அவருடைய கணிதமே. 1820-ல் சொலேய் என்னும் கைவினைஞர் செய்து கொடுத்த முதல் மாதிரி, பக்கம் 55 செண்டிமீட்டர் கொண்ட சதுரத்திற்குள் 97 பட்டகங்களை அடக்கியிருந்தது.

1822 ஆகஸ்டு 20 அன்று, கட்டி முடியாதிருந்த பாரிஸ் வெற்றி வளைவின் மேல் எட்டு வில்லைகள் கொண்ட சுழல் விளக்கை ஏற்றிப் பரீட்சித்தபோது, 32 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கமிஷன் உறுப்பினர்களும் மன்னர் பதினெட்டாம் லூயியும் அதைக் கண்டனர். மறு ஆண்டு ஜூலை 25-ல், ஜிரோந்து நதி முகத்துவாரத்திலுள்ள புராதனமான கோர்துவான் கோபுரத்தில், பிரெனெலின் மேற்பார்வையிலேயே அவ்விளக்கு எரியத் தொடங்கியது. அதற்குச் சிறிது காலத்திற்குள் அவர் இருமும்போது இரத்தம் வரலாயிற்று. 1827-ல், முப்பத்தொன்பதாம் வயதில், க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்த அற்ப காலத்திற்குள் அவர் செய்த மற்றொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுடரிலிருந்து மிகவும் சாய்வாக மேலும் கீழும் செல்லும் கிரணங்களை வில்லையால் மட்டும் திருப்ப இயலாது. ஆனால் கண்ணாடிக்குள் செல்லும் கிரணம், அதன் எல்லைப் பரப்பைச் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 42 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் சந்திக்குமாயின், வெளியேறாமல் முழுவதுமாக உள்ளேயே பிரதிபலிக்கும். அப்பரப்பு உலோகத்தைப் போல் ஒளியை விழுங்குவதில்லை. பாரிஸ் நகரின் சான் மார்த்தான் கால்வாய்க் கரை விளக்குகளுக்காக, 1825-ஐ ஒட்டி, இந்த நியதியைக் கொண்டு சிறிய கண்ணாடி வளையங்களை அவர் வகுத்தார். பின்னர் ஸ்காட்லாந்தில் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் இஞ்ஜினீயர், நடுவில் வில்லையும் அதைச் சுற்றிப் பிரதிபலிக்கும் வளையங்களுமாக இணைத்து, சுடரின் ஒளி முழுவதையும் ஒரே கற்றையாக்க முயன்றார்.

இன்று எல்.இ.டி. விளக்கொன்றைப் பிரித்துப் பார்ப்பவர், கடுகளவான ஒளிப்புள்ளியின் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிந்திருப்பதைக் காணலாம். அப்புள்ளி தன் முன்புறம் முழுவதும் ஒளியைப் பரப்புகிறது. கிண்ணத்தின் நடுவிலுள்ள வில்லை நேர்க்கிரணங்களை ஒன்றுபடுத்த, சரிந்த பக்கச்சுவர் பக்கவாட்டுக் கிரணங்களை முழுப் பிரதிபலிப்பால் முன்னே தள்ளுகிறது. பிரெனெலும் ஸ்டீவன்சனும் ஆளுயரக் கூண்டுகளில் செய்ததையே இது கட்டைவிரல் அகலத்தில் செய்கிறது. தெருவிளக்கிலோ வேலை இன்னும் நுட்பமானது: கம்பத்தடியில் வெளிச்சம் தேங்கி, இரு கம்பங்களுக்கிடையே இருள் மண்டாதிருக்கத் தூரத்துச் சாலைக்கே அதிக ஒளியை அனுப்ப வேண்டும். ஏனெனில் தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகக் குறைவதோடு, சாய்வாக விழுவதாலும் அது மேலும் தேய்கிறது. ஆகையால் தெருவிளக்கு வில்லையின் உச்சியைச் சற்றே பள்ளமாக்கி, நடுவொளியை இருபுறமும் ஒதுக்கி, சாலையின் போக்கிலே நீண்ட வடிவில் விரிக்கிறார்கள். அந்த வளைவுகளை வகுப்பதற்கு இன்று கணிப்பொறி உண்டு. கோர்துவானுக்குச் சென்ற ஒவ்வொரு பட்டகத்தின் கோணத்தையும் பிரெனெல் எழுதுகோலும் காகிதமும் கொண்டே கணித்தார்.