விளைந்த மண்ணில் விற்கப்பட்ட தேநீர்

1689-இல் சூரத்துக்கு வந்த ஆங்கிலப் பாதிரியார் ஜான் ஓவிங்டன், அங்குள்ள பனியா வணிகர்களின் தேநீர்ப் பழக்கத்தைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். காரமான மசாலாப் பொருள்கள் சிலவற்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்த தேநீர் தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் நல்லது எனக் கருதப்பட்டது. கற்கண்டு சேர்த்துப் பருகுவதும் உண்டு. இக்குறிப்பைச் சான்றாகக் கொண்டு மசாலாத் தேநீர் பழமையான இந்திய மரபு என வாதிடுவோர் உளர். அவ்வாறு கொள்வது பிழை. சூரத் வணிகர்கள் குடித்தது கடல் வழியே வந்த சீன இலை. அது பெரிதும் மருந்தாகவே மதிக்கப்பட்டது. அசாமின் சிங்போ மக்கள், காஷ்மீர், லடாக் போன்ற வடபுலத்தார் நீங்கலாகப் பெரும்பாலான இந்தியர்களுக்குத் தேநீர் 20-ஆம் நூற்றாண்டில் அறிமுகமான பானம். அதுவும் தானாகப் பரவியதன்று, திட்டமிட்டுப் பரப்பப்பட்டது.

அசாமில் தேயிலைச் செடி தானே விளைவதை ராபர்ட் புரூஸ் 1823-இல் சிங்போ தலைவர் ஒருவர் வழியாக அறிந்தார். 1834-இல் பெண்டிங்க் பிரபு தேயிலைக் குழுவை அமைத்தார். 1839-இல் அசாம் கம்பெனி தோன்றியது. அடுத்த அரை நூற்றாண்டில் பிரிட்டனின் சந்தையில் இந்தியத் தேயிலை சீனத் தேயிலையைப் பின்னுக்குத் தள்ளியது. அக்காலம் முழுவதும் இந்தியா தேயிலையை விளைவித்த நாடேயன்றி அருந்திய நாடன்று. முப்பது கோடி மக்கள் அருகிலிருக்க, லண்டன் ஏலத்தை மட்டுமே தோட்ட முதலாளிகள் நோக்கியிருந்தமைக்குக் காரணம் எளியது: லண்டனில் விலை கிடைத்தது.

விலை சரியத் தொடங்கியபோதுதான் பார்வை உள்நாட்டின் பக்கம் திரும்பியது. 1903-இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் நிறைவேறியது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதிக்கப்பட்ட இத்தீர்வையைக் கேட்டுப் பெற்றவர்கள் தோட்ட முதலாளிகளே என்பது கவனிக்கத்தக்கது. அத்தொகை விளம்பரத்துக்குச் செலவானது. முதல் உலகப் போரின்போது ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தேநீர்க் கடைகள் திறக்கப்பட்டன. தொழிலாளிக்கு வேலை நடுவே தேநீர் இடைவேளை பழக்கப்படுத்தப்பட்டது. ரயில் நிலையங்களில் கெட்டிலும் கோப்பையும் ஏந்திய விற்பனையாளர்கள் நடமாடினர். 1930களின் பெருமந்தமும், 1933-இல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பன்னாட்டு ஒப்பந்தமும் உள்நாட்டுச் சந்தையை மாற்று வழியற்ற தேவையாக்கின. பிரச்சாரகர்கள் வீடுவீடாகச் சென்று தேநீர் தயாரித்துக் காட்டினர். இலையை எத்தனை நிமிடம் ஊறவைப்பது, பாலை எப்போது ஊற்றுவது என்று படிப்படியாக விளக்கும் எனாமல் பலகைகள் வங்காளத்தின் ரயில் நிலையங்களில் தொங்கின.

மக்கள் அப்பாடத்தை முழுமையாக ஏற்கவில்லை. இலையை ஊறவைக்காமல் கொதிக்கவைத்தனர். பாலையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்த்தனர். இஞ்சியையும் ஏலத்தையும் தட்டிப்போட்டனர். மசாலா சேர்ந்தால் இலை குறைவாகச் செலவாகும் என்பதால் தேயிலைச் சங்கத்தார் இதனை விரும்பவில்லை. ஆயினும் நிலைத்தது தெருவோரக் கடைக்காரரின் செய்முறையே. முதலாளிகள் சந்தையைப் பெற்றனர். சுவையைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் வரவில்லை.

எதிர்ப்பும் எழுந்தது. வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் தேநீரைக் கடுமையாகச் சாடி எழுதினார். காந்தியும் உடல்நலம் குறித்த தம் எழுத்துகளில் தேநீரைத் தேவையற்றது என ஒதுக்கினார். தோட்டங்களின் கொடுமையை அறிந்த தேசியவாதிகளுக்கு இப்பானம் காலனியச் சுரண்டலின் அடையாளமாகவே தெரிந்தது. 1947-இல் ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்த விளம்பரச் சுவரொட்டியோ இராட்டையின் முன் அமர்ந்த பெண்ணின் கையில் தேநீர்க் கோப்பையைத் தந்து, அதனை நூற்றுக்கு நூறு சுதேசிப் பொருளாக அறிவித்தது! தோட்டங்கள் பலவும் அப்போதும் ஐரோப்பியர் வசமே இருந்தன.

புதிய பானம் பழைய விலக்குகளைக் கரைத்துவிட்டதாகக் கூறுவதும் மிகை. ரயில் நிலையங்களில் இந்துத் தேநீர், முஸ்லிம் தேநீர் என்ற தனித்தனிக் கூவல்கள் ஒலித்தன. வட இந்தியாவின் மண் குல்லட் இன்று அழகியலாகவும் சுற்றுச்சூழல் நலனாகவும் போற்றப்படுகிறது; ஒருவர் வாய்பட்ட பாத்திரத்தை இன்னொருவர் தொடலாகாது என்ற தீட்டுக் கருத்துக்கும் அதன் பரவலுக்கும் உள்ள உறவு அரிதாகவே பேசப்படுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களின் இரட்டைக் குவளை முறை தேநீர்க் கடையில்தான் அரங்கேறியது. பருகும் பொருள் மாறியபின்னும் யாருடன் பருகுவது என்பது மாறவில்லை.

தேநீரை உண்மையில் ஏழையின் கைக்குக் கொண்டுசேர்த்தது விளம்பரத்தைக் காட்டிலும் ஓர் இயந்திரம் எனலாம். 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. முறை, இலையை நசுக்கிக் கிழித்துச் சிறு மணிகளாகச் சுருட்டியது. விலை மலிவு, சாறு கடுமை; குறைந்த தூளில் அதிகக் கோப்பைகள். விடுதலைக்குப் பின் இம்முறை பரவலானபோதுதான் தேநீர் கிராமங்களின் அன்றாடத் தேவையாயிற்று. இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தியர்களாலேயே அருந்தப்படுகிறது.

அசாம் தோட்டங்களின் உழைப்பாளர்கள் பெரும்பாலும் சோட்டா நாக்பூர் முதலிய பகுதிகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட பழங்குடியினரின் வழிவந்தோர். அவர்களின் முன்னோர் தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரத்தை 1865-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளுக்கு வழங்கியிருந்தது. கொழுந்து பறிக்கும் அவர்களுக்கு வெயிலில் வேலை நடுவே வாளிகளில் வந்துசேரும் தேநீரில் பாலோ சர்க்கரையோ இருப்பதில்லை. உப்பு மட்டுமே சேர்க்கப்படுகிறது.