குறிகாட்டியிற் பொறித்த குறிகள்

எழுத்தும் எண்ணும் பொறித்த பொருள் யாதாயினும் அது வரலாற்றுக்குச் சான்றாகும். கல்வெட்டையும் நாணயத்தையும் ஆராயுமிடத்துக் கையாளும் முறை, பழைய போர்க்கருவிகளின் சிற்றுறுப்புக்களுக்கும் ஏற்புடைத்து. இரு உலகப் போர்களிலும் பிரித்தானியப் படைகள் தாங்கிய லீ–என்பீல்ட் றைபிளிற் குறிபார்ப்பதற்கென அமைந்த உறுப்பாகிய குறிகாட்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இவ்வுறுப்பிற் காணப்படும் பொறிப்புக்கள் இருவகைப்படும். தூரத்தைக் குறிக்கும் எண்கள் ஒரு வகை. செய்தோரையும் சோதித்தோரையும் உணர்த்தும் முத்திரைகள் மற்றொரு வகை.

1907ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மூன்றாம் மாதிரியின் பின் குறிகாட்டியில் 2000 யார் வரைக்கும் எண்கள் உள. இடப்பக்கத்துத் தட்டொன்றிலோ அவை 2800 யார் வரை செல்கின்றன. தனிமனிதனைக் கண்ணாற் காண்டலும் அரிதாகிய அத்தூரத்தில், படைப்பிரிவு முழுவதும் ஒருங்கே சுட்டுக் குண்டுமாரி பொழிதலே நோக்கமாகும். அகழிப் போரில் அதற்கு இடமில்லாது போயிற்று. 1916இல் வந்த திருத்த மாதிரியில் அத்தட்டு நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வழங்கிய நான்காம் இலக்க றைபிள்கள் பலவற்றில் 300 யாருக்கும் 600 யாருக்குமாக இரு துளைகளே அமைந்தன. 1960களில் இந்தியாவின் இச்சாப்பூர்த் தொழிற்சாலை அமைத்த 2ஏ வகையில் 2000 வரை நின்ற எண்கள், அடுத்து வந்த 2ஏ1 வகையில் 800 மீற்றரோடு முடிந்தன. போர்முறையின் மாற்றத்தை இவ்வெண்களே உரைக்கின்றன.

எண்கள் தோட்டாவோடும் பிணைந்தவை. 1910இற் கூர்முனைக் குண்டுடைய ஏழாம் மாதிரித் தோட்டா வந்தபொழுது, குண்டின் தொடக்க வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2060 அடியிலிருந்து 2440 அடியாக உயர்ந்தது. விரைந்து செல்லும் குண்டு குறைவாகத் தாழுமாதலின், பழைய அளவை நம்பிச் சுடுவோனின் குண்டு இலக்கின் மேலாகச் செல்லும். ஆகவே, குறிகாட்டிகள் புதிதாக அளவிடப்பட்டன. எந்தத் தோட்டாவுக்குரிய எண் என்பதறியாது அதனைப் படித்தல் பயனற்றது.

இனி, முத்திரைகளை நோக்குவோம். அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரசின் உடைமையைக் குறிப்பது. இரண்டாம் உலகப் போரில், முன்னர்த் தம் பெயரை வெளிப்படையாகப் பொறித்த நிறுவனங்களும் மறைகுறிகளைக் கையாண்டன. ஷேர்லியில் இயங்கிய பீ.எஸ்.ஏ. தொழிற்சாலையின் குறி ‘எம் 47 சி’ என்பதாம். ‘எம்’ என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியைச் சுட்டும். தொழிற்சாலை இருக்குமிடத்தைப் பகைவர் அறியாதிருத்தலே இதன் நோக்கம். அவ்வச்சம் வீணன்று: 1940 நவம்பர் 19ஆந் தேதி, பர்மிங்காமிலுள்ள அந்நிறுவனத்தின் தொழிற்சாலை மீது வீழ்ந்த குண்டுகளால் 53 தொழிலாளர் மாண்டனர்.

கனடாவின் லோங் பிராஞ்ச் தொழிற்சாலை ‘எல்’, ‘பி’ என்னும் எழுத்துக்களையும், அமெரிக்காவின் சவேஜ் நிறுவனம் ‘எஸ்’ என்னும் எழுத்தையும் உறுப்புக்களிற் பொறித்தன. ஆயினும், கனடிய முத்திரையுள்ள குறிகாட்டியைத் தாங்கிய றைபிள் கனடாவிற் செய்யப்பட்டதெனத் துணிதல் கூடாது. பழுதுபட்ட உறுப்பைக் களைந்து, கையிருப்பிலுள்ள பிறிதொன்றைப் பொருத்துதல் படைக்கலச் சாலைகளின் வழக்கமாகும். எழுத்துடைய பழங்கல்லொன்று பிற்காலச் சுவரிற் காணப்படின், சுவரும் அவ்வெழுத்தின் காலத்தது என எவருங் கூறார். உறுப்பின் பொறிப்பு உறுப்புக்கே சான்று, கருவி முழுவதற்குமன்று. பிற உறுப்புக்களின் சான்றும் இதனோடு ஒத்துநிற்குமாயின் மாத்திரமே முடிபு கூறல் தகும்.