காத்திருப்பு அறையில் நான்கு குழந்தைகள்

2008 ஜனவரி. சுவிட்சர்லாந்து போய்விட்டு அமெரிக்காவின் சான் டியாகோவுக்குத் திரும்பிய ஏழு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. தடுப்பூசியே வேண்டாம் என்றிருந்த குடும்பம். அவனைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். வந்திருந்தது தட்டம்மை, சில ஊர்களில் மணல்வாரி என்பார்கள். நோயாளி எழுந்து போன பிறகும் அதன் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றிலேயே நிற்கும். அந்த மருத்துவரிடம் வந்திருந்த நான்கு குழந்தைகளுக்கு அது தொற்றியது. மூன்று பேருக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அமெரிக்காவில் முதல் தட்டம்மை ஊசியே 12 மாதம் முடிந்த பிறகுதான்.

அவனையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் 12 பேர். ஊசி போடும் வயது வராத 48 பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

ஊசிக்கு வற்புறுத்துவது நெடுங்காலம் அரசாங்கத்தின் வேலையாகத்தான் இருந்தது. மாசசூசெட்ஸில் அம்மை குத்திக்கொள்ள மறுத்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம் போட்டது சரிதான் என்று 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிக்கூடங்களும் ஊசிச் சான்று கேட்டன. மருத்துவர் ஊசி போடுகிறவர், அவ்வளவுதான். 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை தட்டம்மை ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. ‘லான்செட்’ இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பயம் வேர்விட்டுவிட்டது. நோயைக் கண்ணால் பார்த்திராத தலைமுறைக்கு ஊசிதான் பூதமாகத் தெரிந்தது.

ஊசியை மறுக்கும் குடும்பங்களை மருத்துவர்கள் தங்களிடம் வர விடாமல் பொதுவாக விலக்க வேண்டாம் என்று 2005இல் சொன்னது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டிலிருந்து தட்டம்மை பரவியது. 2016இல் சங்கம் தன் நிலையை மாற்றிக்கொண்டது: பேசிப் பார்த்தும் கேட்காவிட்டால், உரிய அவகாசம் கொடுத்து விலக்கலாம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எல்லா ஊசியையும் மறுப்பவர்களை அனுப்பிவிடுவதே தங்கள் இடத்து வழக்கம் என்று சொன்ன குழந்தை மருத்துவர்கள் 51 சதவீதம்.

மடியில் ஆறு மாதக் குழந்தையோடு காத்திருக்கும் தாயை நினைத்தால் மருத்துவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் வெளியே அனுப்பப்படுவது முடிவெடுத்த அப்பா அம்மா மட்டுமல்ல, எதையும் முடிவு செய்யாத பிள்ளையும்தான். அந்தப் பிள்ளை அடுத்து எங்கே போகும்? ஊசியைப் பற்றிக் கேள்வியே கேட்காத இடத்துக்கு. அங்கே அதைப் போன்ற பிள்ளைகளே கூடியிருப்பார்கள். தட்டம்மைக்கு வேண்டியது அப்படிப்பட்ட கூட்டம்தான்.

1991இல் பிலடெல்பியா அதைப் பார்த்தது. ஊசியை மட்டுமல்ல, மருத்துவத்தையே ஏற்காத இரண்டு கிறிஸ்தவச் சபைகளின் பிள்ளைகளிடையே தட்டம்மை புகுந்தது. நகரில் 1,400 பேருக்கு மேல் நோய். ஒன்பது குழந்தைகள் இறந்தன. பெரும்பாலானவை அந்தச் சபைகளின் பிள்ளைகள். அவர்கள் தங்களைத் தேடி வருவார்கள் என்று சுகாதாரத் துறையினர் காத்திருக்கவில்லை. நீதிமன்ற உத்தரவோடு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பெற்றோர் மறுத்தும் சில பிள்ளைகளுக்கு நீதிபதியின் உத்தரவில் ஊசி போடப்பட்டது.