ஸ்டாண்டர்டு: கவென்ட்ரியில் மறைந்து பெருங்களத்தூரில் வாழ்ந்த பெயர்

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எது, செகண்ட்ஸ் எது என்று திருப்பூர் மண்ணரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆர்டருக்கு மேல் தைத்து மிஞ்சிய நல்ல சரக்கு சர்ப்ளஸ். தையலிலோ சாயத்திலோ குறைபட்டது செகண்ட்ஸ். பழைய கார்க்காரர்கள் தேடும் ‘நியூ ஓல்டு ஸ்டாக்’ சர்ப்ளஸுக்குச் சொந்தம்: அந்தக் கார் உற்பத்தியில் இருந்த காலத்திலேயே கம்பெனி செய்து, எந்த வண்டியிலும் மாட்டாமல் அலமாரியில் தங்கிவிட்ட பாகம். எந்தக் கம்பெனி என்பதில்தான் சிக்கல். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் அந்தப் பெயரின் கதையைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ரெஜினால்டு மாட்ஸ்லே 1903-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொடங்கிய கம்பெனி ஸ்டாண்டர்டு. சோதித்துத் தேறிய பாகங்களாலேயே தன் கார் அமைய வேண்டும் என்று அவர் அந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். பாகத்தை முன்வைத்துப் பிறந்த பெயர்! அந்தக் கம்பெனி ட்ரையம்ஃப் என்ற இன்னொரு கார் கம்பெனியை விலைக்கு வாங்கியது; கடைசியில் வாங்கிய பெயர் தேய்ந்து, வாங்கப்பட்ட பெயர் நிலைத்தது. 1959-இல் வந்த ஹெரால்டு அங்கே ட்ரையம்ஃப். 1963-இல் பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் கார் வருவதே நின்றது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரிலோ அதே ஹெரால்டு 1961 முதல் ஸ்டாண்டர்டாக வெளிவந்தது. 1980-களின் பிற்பகுதி வரை அந்தப் பெயர் இங்கே வாழ்ந்தது.

ஆகவே ஆரம்பகால ஹெரால்டுக்கு, கவென்ட்ரியின் ‘ஸ்டான்பார்ட்’ ஸ்பேர் பெட்டியில் வந்ததும் சரி, சென்னைப் பெட்டியில் வந்ததும் சரி, இரண்டும் அசல். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உற்பத்தியானது. அதன் பின்கதவுக்கு இங்கிலாந்துச் சரக்கு என்று ஒன்று கிடையாது. சென்னையின் பாடியில் 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ்ஸும் 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் தொடங்கின. இப்படிக் கார் கம்பெனிக்கே சப்ளை செய்தவர்கள் அதே காலத்தில் செய்த பாகத்தையும், பெட்டியில் ஸ்டாண்டர்டு பெயர் இல்லாவிட்டாலும், இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். பிற்காலத்தில் புது அச்சில் வார்த்ததையும், கழற்றிப் பாலிஷ் போட்டதையும் சேர்க்கவே மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: ரப்பருக்கு இந்தப் பெருமை உதவாது. பிரேக் ஹோஸும் வீல் சிலிண்டர் வாஷரும் பெட்டிக்குள் இருந்தபடியே இறுகி வெடித்துவிடும். அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

பழைய ஸ்பேர் கடையை ஒழிக்கும்போது பெட்டியையும் லேபிளையும் கிழித்தெறிய வேண்டாம். பார்ட் நம்பர் போனால், அந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்று சொல்ல ஆள் இருக்காது.