மதுரைக்கு வந்த இரு சமூகங்கள் – ஓர் ஒப்பீடு

மதுரை என்றதும் மீனாட்சியம்மன் கோவில், மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா என்று அடுக்குவது வழக்கம். அந்தப் பட்டியலில் சுங்குடிச் சேலைக்கும் நிச்சயம் இடம் உண்டு. ஆனால் அந்தச் சேலையை உருவாக்கியவர்களின் தாய்மொழி தமிழ் அல்ல. அவர்கள் வெகுதொலைவில் இருந்து வந்து குடியேறிய சௌராஷ்டிரர்கள்.

அதே மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய ஊர்களில் இன்னொரு வந்தேறிய சமூகம் வாழ்கிறது. அவர்கள் பேசுவது தமிழ். கும்பிடுவது முருகனையும் மாரியம்மனையும், அல்லது மாதாவை. மதுரைக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவே இருப்பது கொஞ்சம் கடல்தான். ஆனாலும் அவர்கள் இன்றும் "முகாம்காரர்கள்". இவர்கள் ஈழத்தமிழ் அகதிகள்.

மொழி தெரியாமல் வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனார்கள். தமிழ் பேசிக்கொண்டு வந்தவர்கள் நாற்பது ஆண்டுகள் கடந்தும் வெளியாட்களாகவே இருக்கிறார்கள். இது எப்படி நடந்தது? இரு சமூகங்களின் பொருளாதார, சமூக நிலையை ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும்.

வந்த வழி

சௌராஷ்டிரர்களின் பூர்வீகம் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதி. கஜினி முகமதுவின் சோமநாதபுரப் படையெடுப்புக்குப் பிறகு (கி.பி. 1025-26) அங்கிருந்து கிளம்பி, தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்ததாக அவர்களின் மரபுவழிச் செய்தி கூறுகிறது. மதுரையில் திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தில் அரண்மனைக்குப் பட்டு நெய்ய அழைக்கப்பட்டதாகவும் அதே மரபு சொல்கிறது. இன்றும் மகாலைச் சுற்றியுள்ள பந்தடித் தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய இருப்பதைக் காணலாம். பழைய ஆவணங்களில் இவர்கள் பெயர் "பட்டுநூல்காரர்".

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவர்களை வரவேற்ற நாயக்க மன்னர்களும் தெலுங்கு பேசும் வந்தவர்கள்தான்! அரசனே வெளியூர்க்காரனாக இருந்த நகரத்தில், நெசவாளி வெளியூர்க்காரனாக இருந்தது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது.

ஈழத்தமிழர் வந்த கதை வேறு. யாரும் அவர்களை அழைக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பிக்கப் படகேறினார்கள். 1990 வாக்கிலும், 1996க்குப் பிறகும், 2006 முதல் போரின் கடைசி ஆண்டுகளிலும் மீண்டும் மீண்டும் வந்தார்கள். மொத்தத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்தனர். பலர் திரும்பிப் போய்விட்டார்கள், சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றார்கள். ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பதிவு செய்து, அங்கிருந்து தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 2021ல் சுமார் 58 ஆயிரம் பேர் முகாம்களிலும், சுமார் 34 ஆயிரம் பேர் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தனர்.

தொழிலும் வருமானமும்

சௌராஷ்டிரர்கள் கையோடு கொண்டுவந்தது தறியும் சாயமும். பட்டும் சாயமிட்ட பருத்தித் துணியும் மதுரைச் சந்தைக்கு எப்போதும் தேவைப்பட்டன. துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் கிடைப்பதுதான் சுங்குடி. அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சாயவேரைப் பயன்படுத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து அலிசரின் என்ற செயற்கைச் சாயம் வந்தது. சாயவேரை நம்பியிருந்த தொழில்கள் பல இடங்களில் படுத்துவிட, மதுரைச் சௌராஷ்டிரர்கள் அந்தப் புதுச் சாயத்தையே தொழிலுக்குள் கொண்டுவந்து வளர்ந்தார்கள். சாய வியாபாரத்தில் பொருள் சேர்த்த எல்.கே. துளசிராம் பிற்காலத்தில் சமூகத்தின் பெரிய தலைவர்களில் ஒருவரானார்.

இதை வைத்து எல்லாச் சௌராஷ்டிரர்களும் பணக்காரர்கள் என்று நினைத்தால் அது தவறு. பாவும் நூலும் கொடுத்து, சேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்கும் முதலாளியும் சௌராஷ்டிரர்தான். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் கூலிக்காரரும் சௌராஷ்டிரர்தான். விசைத்தறி வந்தபின் கைத்தறிக் கூலி நெசவாளர் நிலை இன்னும் மோசமானது. சில ரகத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985ல் சட்டம் வந்தும் சரிவு நிற்கவில்லை. 2005ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கையால் முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கிடைக்கும் கூலி சொற்பமே. ஆகவே அடுத்த தலைமுறை கடை, அலுவலகம், கம்ப்யூட்டர் என்று நகர்ந்தது. இதில் முக்கியமானது, அவர்களால் அப்படி நகர முடிந்தது என்பதே.

முகாம்களில் இருப்போரின் தொழில் என்ன? பெயின்டிங், கொத்து வேலை, கல்குவாரி, சுமை தூக்குதல். கடலிலும் வயலிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர்கள் இங்கே வந்து தினக்கூலிகள் ஆனார்கள். கடல் தொழில் தெரிந்தவருக்கு மதுரையில் கடல் இல்லை. விவசாயம் தெரிந்தவருக்குச் சொந்த நிலம் இல்லை.

அரசின் உதவி கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகள் கிலோ 57 காசு விலையில் அரிசி கொடுத்தார்கள். மாத உதவித்தொகை உண்டு. 2021 ஆகஸ்ட் மாதம் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்கான திட்டத்தை அறிவித்தது. பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும், குடும்பத் தலைவருக்கான உதவித்தொகையை 1,500 ரூபாயாக உயர்த்தவும் முடிவானது. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாறியது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய குடும்பத்துக்குப் புது வீடு சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்த வீடு அவர்களுக்குச் சொந்தம் அல்ல.

சங்கமும் பள்ளிக்கூடமும்

சௌராஷ்டிரர்களின் முன்னேற்றத்துக்குக் காரணம் கேட்டால் பலரும் சொல்வது அவர்களின் ஒற்றுமையைத்தான். அதில் உண்மை இருக்கிறது. 1895ல் மதுரை சௌராஷ்டிர சபை அமைந்தது. சமூகத்துக்குள்ளேயே பணம் திரட்டிப் பள்ளி நடத்தினார்கள். அந்தப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட துளசிராம் ஏற்பாடு செய்தார். பிற்காலத்தில் தமிழகம் முழுவதும் பரவிய மதிய உணவுத் திட்டத்துக்கு இதை ஒரு முன்னோடியாக மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு. 1926ல் அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாண்டர்ஸ், இந்தச் சமூகத்தைப் பற்றி ஓர் அமெரிக்கச் சமூகவியல் இதழில் கட்டுரையே எழுதினார். 1967ல் சௌராஷ்டிரக் கல்லூரி தொடங்கியது.

அப்படியானால் முகாம்களில் இருப்போரிடம் ஒற்றுமை இல்லையா, படிப்பில் அக்கறை இல்லையா? இரண்டும் உண்டு! 1984ல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்குச் சான்று. தந்தை செல்வாவின் மகனான அவர், அகதிகளே அகதிகளுக்கு உதவும் அமைப்பாக அதை வளர்த்தார். மாலை வகுப்புகள், கல்லூரிக் கட்டண உதவி, கம்ப்யூட்டர் பயிற்சி எல்லாம் நடந்தன. முகாம்களில் பட்டதாரிகள் ஏராளம். பொறியியல் முடித்தவர்களும் உண்டு.

ஆனால் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அரசு வேலைக்குப் போக முடியாது. பாஸ்போர்ட் கிடையாது. தனியார் நிறுவனத்திலும் ஆவணம் கேட்டால் முகாம் அட்டையைத்தான் நீட்ட வேண்டும். ஆகவே பட்டம் வாங்கிய பையன் அப்பாவோடு பெயின்ட் டப்பாவைத் தூக்குவது சாதாரணம். சௌராஷ்டிரப் பள்ளியில் படித்த பையனுக்குப் படிப்பு ஏணியாக இருந்தது. முகாம் பையனுக்கோ ஏணி இருக்கிறது, ஏறிப்போய் நிற்க மாடி இல்லை.

ஊரில் மதிப்பு

சௌராஷ்டிரர்களையும் மதுரை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ராணி மங்கம்மாள் ஆட்சியில், 1705ல் ஆவணி அவிட்டம் கொண்டாடிப் பூணூல் மாற்றியதற்காகச் சௌராஷ்டிரர்கள் 18 பேர் கைது செய்யப்பட்டார்கள். பிராமணர்களுக்குரிய சடங்கைச் செய்ய இவர்களுக்கு என்ன உரிமை என்பது வழக்கு. ராணி சாஸ்திரம் கற்றவர்களைக் கூட்டி விசாரிக்கச் செய்தார். தீர்ப்பு நெசவாளர் பக்கம் வந்தது. அதைப் பனையோலையில் எழுதியும் கொடுத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் தமது நூலில் இந்த வழக்கைப் பதிவு செய்திருக்கிறார்.

சாதியில் மேல்படி கேட்ட வழக்கு அது என்பதால் இன்றைய கண்ணுக்குச் சங்கடமாகத் தோன்றலாம். எனினும் வந்து சில தலைமுறைகளுக்குள் ஒரு வெளியூர்ச் சமூகம் தன் தகுதியைக் கேட்டு வழக்காடவும், எழுத்தில் பதில் பெறவும் முடிந்திருக்கிறது. பிறகு அவர்கள் ஊரோடு ஒன்றானார்கள். "மதுரைக் காந்தி" எனப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன் 1962ல் மதுரையின் மக்களவை உறுப்பினரானார். தமிழ் உச்சரிப்புக்கே உதாரணமாகச் சொல்லப்படும் டி.எம். சௌந்தரராஜன் பிறந்ததும் மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்தில்தான். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வீதியில் தமிழ் என்ற ஏற்பாட்டை யாரும் குறை சொல்லவில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே மதுரையில் இன்னொரு வழக்கு. இங்குள்ள உயர் நீதிமன்றக் கிளையில் முகாம்வாசிகள் 65 பேர் குடியுரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வழிவிட்டுத் தீர்ப்பளித்தார். ஆனால் குடியுரிமை தருவது நீதிமன்றத்தின் கையில் இல்லை, மத்திய அரசின் கையில் இருக்கிறது.

சட்டம் அவர்களுக்குச் சாதகமாகவும் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் பெற்றோரில் எவரும் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. முகாமில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இந்தத் தேதிகளுக்குப் பின் பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது ஒரு நிம்மதி, ஆனால் குடியுரிமை அல்ல.

காகிதம் செய்யும் வேலை

காலத்தைக் காரணம் காட்டலாம். சௌராஷ்டிரர்களுக்கு நானூறு ஆண்டுகள் கிடைத்தன, இவர்களுக்கு நாற்பதுதானே என்று கேட்கலாம். இதற்கு மூன்றாவது ஒரு கூட்டம் பதில் சொல்கிறது.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. "தாயகம் திரும்பியோர்" என்ற பெயரில் வந்தவர்கள் இவர்கள். இவர்களும் அதே கடலைத் தாண்டி, அதே தமிழைப் பேசிக்கொண்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு வந்தார்கள். ஆனால் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள் ஆகியவற்றில் வேலை, தொழில் கடன் என்று திட்டங்கள் வந்தன. இவர்களுக்காகவே 1969ல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இவர்கள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. கடன் பலருக்குப் போய்ச் சேரவில்லை, பலர் மீண்டும் கூலிகளே ஆனார்கள். இருந்தும் இவர்களின் பிள்ளைகள் ஓட்டுப் போடுகிறார்கள், நிலம் வாங்குகிறார்கள், அரசுத் தேர்வு எழுதுகிறார்கள். ஒரே தீவு, ஒரே மொழி. வித்தியாசம் கையிலிருந்த காகிதத்தில்தான்.

முடிவாக

சௌராஷ்டிரர்களின் வெற்றிக்கு உழைப்பும் ஒற்றுமையும் காரணம் என்பது பாதி உண்மை. அந்த உழைப்பின் பலனைச் சொத்தாகவும் பள்ளியாகவும் கோவிலாகவும் மாற்ற இந்த ஊர் அவர்களை அனுமதித்தது என்பது மீதி உண்மை. முகாம்களிலும் அதே உழைப்பு இருக்கிறது, அதே படிப்பு ஆசை இருக்கிறது. அவற்றைச் சேர்த்து வைக்க இடம் இல்லை.

இலங்கைக்குத் திரும்ப விரும்புவோர் திரும்பட்டும். அதற்கு எல்லா உதவியும் செய்யப்பட வேண்டும். ஆனால் ஆனையூரில் பிறந்து, ஆனையூரில் படித்து, இலங்கையை வரைபடத்தில் மட்டுமே பார்த்த ஒரு பிள்ளைக்கு "உன் ஊர் எது?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 1705ல் மதுரை ஒரு பதிலை ஓலையில் எழுதிக் கொடுத்தது. இந்தப் பிள்ளைகள் அப்படியொரு ஓலைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.